மாங்குளத்துக்கு வந்த கனடா மெசின்: பழைய கல் தீட்டும் இயந்திரம் ஒன்றை வாங்கிய நிகழ்வின் ஆய்வு

மாங்குளத்தில் படிப்பிக்கும் ஒரு விஞ்ஞான ரீச்சருக்குக் கல் தீட்டப் பழக வேண்டும் என்று நெடுநாள் ஆசை. கனடாவில் இருக்கும் அவருடைய தம்பி, அங்கே ஒரு முதியவர் வைத்திருந்த பழைய இயந்திரத்தை வாங்கிக் கப்பலில் அனுப்பினார். கிளிநொச்சியில் மோட்டர் வைண்டிங்கும் லேத் வேலையும் செய்கிறவன் நான். பொழுதுபோக்காகக் கல்லும் தீட்டுவேன். அதனால் வாங்க முன் பார்த்துச் சொல்வதும், வந்த பிறகு ஓடவைப்பதும் என் பொறுப்பாயிற்று. நாங்கள் சரியாகப் பார்த்தவை, பார்க்கத் தவறியவை, பிறகு திருத்தியவை எல்லாவற்றையும் ரீச்சரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வன்னியில் இன்னொருவர் இதே மாதிரி ஒரு வீடியோவைக் கைபேசியில் பார்த்துக்கொண்டு, வாங்கலாமா விடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கக்கூடும். அவருக்காகத்தான் இது.

ரீச்சருக்கு என்ன வேண்டும்?

ரீச்சர் சின்ன வயதிலிருந்தே கல் பொறுக்குகிறவர். றோட்டுக்குக் கொட்டிய கிரவல் குவியலில் கிடக்கும் வெள்ளைப் படிகக்கல், எப்போதாவது புகைநிறத்தில் ஒன்று, கல்லுடைக்கும் இடத்தில் குங்குமப்பொட்டு வைத்தது போல கார்னட் என்ற சிவப்புக்கல் பதிந்த பாறைத்துண்டு. இலங்கையின் மிகப் பழைய பாறைத் தொகுதிகளில் ஒன்றுக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயரே வன்னித் தொகுதி. யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் போல மென்மையான பாறை அல்ல அது. கருங்கல்லும் வெப்பத்தில் உருமாறிய பாறைகளுமாக இருப்பதால் தீட்டத் தகுந்த கல் இங்கே காலடியில் கிடக்கிறது.

பொறுக்குவது வேறு, தோண்டுவது வேறு. இரத்தினக்கல் தேடி நிலத்தைத் தோண்டுவதற்கு 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையின் அனுமதிப்பத்திரம் வேண்டும். எங்களுக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கண்ணிவெடி அகற்றி முடியாத காணிகள் வடக்கில் இன்னும் உண்டு. மண்டையோட்டுப் பலகை நிற்கிற பக்கம் எந்தக் கல்லுக்காகவும் காலை வைக்கக்கூடாது. ரீச்சர் கொட்டிய கிரவலிலும், ஆட்கள் புழங்கும் இடங்களிலும் மட்டும்தான் பொறுக்குவார்.

மெசினைப் பற்றிக் கதைக்க முன், என்ன வடிவத்தில் வெட்டப் போகிறீர்கள் என்று கேட்டேன். பழைய சாமான் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் இருக்கும் கபோஷன் வெட்டுக்கு நிமிர்ந்து சுழலும் சில்லுகள் கொண்ட மெசின் வேண்டும். வெளிச்சம் தெறிக்கப் பட்டை தீட்டுவதற்குப் படுக்கையாகச் சுழலும் தட்டும், கோணத்தைப் பிடித்து வைக்கும் கையும், கல்லைச் சம இடைவெளியில் திருப்பி நிறுத்தும் எண்ணிக்கைப் பல்சக்கரமும் வேண்டும். இரண்டும் வேறு வேறு மெசின்கள். ஒன்றை வாங்கி மற்றதைச் செய்ய முடியாது. ரீச்சரிடம் இருந்த கற்களில் பாதிக்கு மேல் ஒளி ஊடுருவாதவை. கபோஷன்தான் பொருத்தம் என்று முடிவானது.

கல்லின் வன்மையும் கணக்கில் வரவேண்டும். கனிமங்களின் வன்மையை 1 முதல் 10 வரை எண்ணும் மோஸ் அளவில் படிகக்கல் 7, சந்திரகாந்தக் கல் 6 முதல் 6.5 வரை. சிலிக்கன் கார்பைட் சில்லு 9க்கு மேல் இருப்பதால் இவற்றைத் தாராளமாகத் தேய்க்கும். நீலமும் சிவப்பும் சேர்ந்த குருந்த இனம் 9. அதற்கு வைரத்தூள் பூசிய சில்லு இல்லாமல் சரிவராது. (குருந்தம் என்ற எங்கள் சொல்தான் ஆங்கிலத்துக்கும் போய் அந்தக் கனிமத்தின் பெயராக நின்றது என்று ரீச்சர் தன் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்வாராம்.)

கைக்கு வந்த மூன்று மெசின்கள்

முதலாவது, வவுனியாவில் ஒரு நகைக்கடைக்காரர் விற்க வைத்திருந்த மெருகு மோட்டர். இரண்டு பக்கமும் சாஃப்ட், அதாவது சுழலும் தண்டு, நீட்டிக்கொண்டிருக்கும், விலையும் மலிவு. சில்லைப் பூட்டினால் போதும் என்று தோன்றும். நான் வேண்டாம் என்றேன். அது நிமிடத்துக்கு 2800 சுற்று ஓடும், மோட்டரின் உடம்பில் காற்றுத் துவாரங்கள் திறந்து கிடக்கும். கல் தீட்டுவது தண்ணீரோடு செய்யும் வேலை. அந்த வேகத்தில் தண்ணீர் நிற்காமல் தெறித்து மோட்டருக்குள்ளேயே போகும், பிறகு கரண்ட் கைக்கு வரும். தண்ணீரை நிறுத்திவிட்டு உலர்வாகத் தேய்த்தால் வருவது சிலிக்காத் தூசு. குஜராத்தில் கம்பாத் நகரத்தில் அகேட் கல் தீட்டும் தொழிலாளர்களுக்கு நுரையீரல் கல்லாகிப்போகும் சிலிக்கோசிஸ் வந்தது இந்தத் தூசினால்தான். மூக்கை மூடும் துணி இதற்குத் தடுப்பு அல்ல. தண்ணீர்தான் முதல் தடுப்பு.

இரண்டாவது, இரத்தினபுரிப் பக்கத்திலிருந்து ஒரு பட்டை தீட்டும் மெசின். ரீச்சருக்கு அது தேவையில்லை என்று ஏற்கெனவே தெளிவாகிவிட்டது. ஆனாலும் அந்த வகை வாங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்லவேண்டும், நான் நொந்து பழகியது. சில வருடங்களுக்கு முன் ஒருவரிடம் அப்படி ஒன்றை வாங்கினேன். பெயின்ட் புதிது, தட்டு பளபளப்பு. வீட்டுக்குக் கொண்டுவந்து 96 பல் சக்கரத்தில் 96, 24, 48, 72 என்று நான்கு பக்கம் வெட்டிப் பார்த்தபோது நான்கும் நான்கு ஆழத்தில் வந்தன. சக்கரத்தின் பற்கள் சில இடங்களில் தேய்ந்து, பூட்டு விழுந்த பிறகும் கை ஆடியது. வாங்க முன் பூட்டைப் போட்டுவிட்டுக் கல் ஒட்டும் கம்பியை விரலால் இடமும் வலமும் அசைத்துப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். தட்டின் ஓரத்தில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை ஊசியால் காட்டும் கருவி) வைத்துச் சுற்றிப் பார்ப்பதும் அவசியம். ஒரு தலைமயிர்த் தடிப்புக்கு ஏறி இறங்கினாலே அது பட்டை தீட்ட உதவாது.

மூன்றாவதுதான் கனடா மெசின். 6 அங்குலச் சிலிக்கன் கார்பைட் சில்லு இரண்டு, மணியின் பருமன் ஒன்றில் 100, மற்றதில் 220; எண் கூடினால் மணி நுண்மை. பக்கத்தில் மணல்தாள் பட்டி போடும் உருளை இரண்டு. தனியாக ஒரு சிறிய வாள். எல்லாம் சேர்த்து 400 கனடா டொலர் கேட்டார்கள்.

வீடியோவில் பார்த்தது

தம்பி நல்ல பொறுமைசாலி. நான் சொன்னதை ஒவ்வொன்றாகச் செய்து வீடியோ எடுத்து அனுப்பினார். முதலில் பெல்ட்டைக் கழற்றச் சொன்னேன். பெல்ட் பூட்டியபடி சாஃப்டைச் சோதித்தால் மோட்டரின் இழுப்பும் சேர்ந்து உண்மையை மறைத்துவிடும்.

"தம்பி, ஒரு பேனையைச் சாஃப்டுக்குத் தொடாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றுங்கோ. இடைவெளி கூடிக் குறையுதா?"

"இல்லை அண்ணா, ஒரே மாதிரித்தான் இருக்குது."

சாஃப்ட் நேர். பிறகு சில்லைக் கையால் மேலும் கீழும் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். மெல்லிய ஆட்டம் இருந்தது. சுற்றும்போது பல்லில் மண் கடிபட்ட மாதிரி நறநறவென்று ஒரு சத்தமும் கேட்டது. பெயாரிங் போய்விட்டது. விற்கும் குடும்பத்துக்குத் தம்பி அதைச் சொன்னதும் 300 டொலருக்கு இறங்கினார்கள்.

இங்கேதான் நான் முதல் பிழை விட்டேன். பெயாரிங் போனால் என்ன, மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். என் லாச்சி நிறைய 6202, 6203, 6204 எண் பெயாரிங்குகள் கிடக்கின்றன. தண்ணீர்ப் பம்புக்கும் மோட்டர்சைக்கிளுக்கும் தினமும் மாற்றுகிற சாமான். சாஃப்டின் விட்டத்தை அளந்து அனுப்புங்கோ என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது பிழையும் அதே நாளில்தான். சில்லில் அச்சடித்திருக்கும் உச்ச வேகத்தை வாசிப்பதற்காகத் தம்பியிடம் படம் கேட்டேன். வந்தது. எழுத்தை வாசித்தேன், வேகம் சரி என்றேன். அதே படத்தில் சில்லின் கீழ்ப் பாதியில் கிணற்றுக் கட்டில் தண்ணீர் நின்ற தடம் போல ஒரு கோடு இருந்தது. கண்ணில் பட்டது, மனதில் படவில்லை.

மோட்டர்

ஒன்றை மட்டும் சரியாகச் செய்தோம். மோட்டரின் தகட்டைப் படமெடுக்கச் சொன்னேன். 115 வோல்ட், 60 ஹேர்ட்ஸ் (கரண்ட் செக்கனுக்கு எத்தனை தரம் அலையடிக்கிறது என்ற கணக்கு), 1725 சுற்று, மூன்றிலொரு குதிரைவலு. "ட்ரான்ஸ்போமர் ஒன்று வைத்தால் ஓடும்தானே அண்ணா?" என்று தம்பி கேட்டார். வெளிநாட்டிலிருந்து சாமான் அனுப்புகிற எல்லாரும் கேட்கிற கேள்வி இது. ஓடும். ஆனால் அது எரிந்து என் மேசைக்கு வரும்.

ட்ரான்ஸ்போமர் 230 வோல்ட்டை 115 ஆக்கும். 60 ஹேர்ட்ஸ் ஆக்காது, இலங்கையின் 50 ஹேர்ட்ஸ் அப்படியே உள்ளே போகும். மோட்டர் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில், 1430 அளவில் சுற்றும். வேகம் குறைவது பெரிய காரியம் இல்லை. ஹேர்ட்ஸ் குறைந்தும் வோல்ட் குறையாவிட்டால் இரும்புத் தகடுகளில் காந்தப் புலம் தாங்கும் அளவைத் தாண்டிவிடும். வைண்டிங் கூடிய கரண்டை இழுத்துச் சூடாகும். அந்த மோட்டரை 50 ஹேர்ட்ஸில் பயமில்லாமல் ஓட்ட ஏறத்தாழ 96 வோல்ட்தான் கொடுக்கலாம். அப்போது வலுவும் குறைந்துவிடும்.

கப்பாசிட்டர் வைத்துத் தொடங்கும் மோட்டர் என்றால் இன்னுமொரு ஆபத்து. உள்ளே இருக்கும் சுவிச், மோட்டர் வேகம் எடுத்ததும் தொடக்க வைண்டிங்கை வெட்டிவிட வேண்டும். 60 ஹேர்ட்ஸ் மோட்டரில் அது 1350 சுற்றுக்குக் கிட்ட நடப்பது வழமை. இங்கே அந்த மோட்டரின் முழு வேகமே 1430தான். பின்னேரத்தில் வயரின் கடைசியில் இருக்கும் வீடுகளில் வோல்ட் இறங்கும். அந்த நேரம் கல்லையும் அழுத்திப் பிடித்தால் சுவிச் திரும்ப விழும். தொடக்க வைண்டிங் நிமிடக் கணக்கில் கருகும்.

அதனால் மோட்டரை அங்கேயே விடச் சொன்னேன். பெட்டியின் பாரமும் குறைந்தது. இங்கே பாவித்த அரைக் குதிரைவலு மோட்டர் ஒன்றை, 1420 சுற்று, நானே திரும்ப வைண்டிங் செய்து வைத்தேன். மோட்டரில் 3 அங்குலக் கப்பி, சாஃப்டில் 2.5 அங்குலக் கப்பி. 1420ஐ 1.2ஆல் பெருக்கினால் 1704. சில்லுக்கு வேண்டிய வேகம் கிடைத்துவிட்டது.

பெட்டி வந்த நாள்

பத்துக் கிழமை கழித்துப் பெட்டி வந்தது. ரீச்சரின் அம்மாவும் வந்து பக்கத்தில் நின்றார். மகன் அனுப்பிய சாமான் அல்லவா.

சில்லுகளைக் கழற்றி ஒவ்வொன்றாக விரலில் தொங்கவிட்டு, ஸ்குரூட்ரைவரின் மரப்பிடியால் தட்டினேன். 220 சில்லு மணி மாதிரிச் சத்தம் கொடுத்தது. 100 சில்லு டப் என்றது. ஈரத் துணியால் துடைத்துக் காயவிட்டேன். எல்லா இடமும் காய்ந்த பிறகும் நடுத்துளையிலிருந்து ஓரம் நோக்கி ஒரு கோடு மட்டும் ஈரமாக நின்றது. வெடிப்பு. அதே இடத்தில் சுத்தியலால் உடைத்துவிட்டேன். அம்மாவுக்கு மனம் நொந்துபோனது. ஆனால் வெடித்த சில்லை ஓரமாக வைத்தால் ஒருநாள் யாராவது பூட்டுவார்கள். 1700 சுற்றில் அது பிளந்தால் துண்டு வருவது ஓட்டுகிறவரின் முகத்துக்குத்தான்.

அப்போதுதான் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தண்ணீர்த் தடம் இதே சில்லில்தான். இந்த வகைச் சில்லு கடற்பஞ்சு போலத் தண்ணீர் குடிக்கும். வேலை முடிந்ததும் தட்டில் தண்ணீரை விட்டுவிட்டுப் போனால் கீழ்ப்பாதி ஊறிப் பாரமாகும். அடுத்த நாள் அப்படியே போட்டால் சில்லு உதறும். அந்த உதறல்தான் பெயாரிங்கைத் தின்றிருக்கிறது. மெசின் இருந்தது வீட்டுக் கராஜில். கனடாவின் குளிரில் உள்ளே ஊறிய தண்ணீர் உறைந்தால் 9 வீதம் விரியும், சில்லின் மணிகளைப் பிரித்துவிடும். பெயாரிங் சத்தத்தையும் சில்லின் வெடிப்பையும் நான் இரண்டு பழுதாகக் கணக்குப் பார்த்தேன். வேர் ஒன்றுதான், அது படத்திலேயே இருந்தது.

மணல்தாள் பட்டிகளை எல்லாம் வீசினோம். பழைய பட்டியில் முன்பு வைத்திருந்தவர் எந்தப் பருமன் தூளோடு வேலை செய்தார் என்று தெரியாது. கடைசி மெருகில் ஒரு பருமனான மணி அகப்பட்டால் ஒரு நாள் வேலை ஒரு கீறலில் போய்விடும். மெருகுக்குப் பாவித்த தோலும் அப்படித்தான்.

சாஃப்ட்

பெயாரிங்கைக் கழற்றி, புதிய 6202ஐச் சாஃப்டில் ஏற்றப் பார்த்தேன். ஏறவில்லை. வேனியர் அளவுகோலை வைத்தேன்: 15.88 மில்லிமீற்றர். எட்டில் ஐந்து அங்குலம். 6202இன் துளை 15 மில்லிமீற்றர்.

அங்குல அளவுத் துளையோடு அதே பெயாரிங் செய்கிறார்கள், வட அமெரிக்காவில் சாதாரண சாமான். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் கேட்ட கடைகளில் இல்லை. சாஃப்டை லேத்தில் போட்டு 15க்குக் கடையலாமே என்று என் பொடியன் சொன்னான். பெயாரிங் இருக்கும் இடத்தைக் கடையலாம்தான். ஆனால் பெயாரிங் அங்கே போவதற்குச் சாஃப்டின் நுனி வழியாகத்தான் நுழைய வேண்டும். நுனியில் சில்லு பூட்டும் இடம் எட்டில் ஐந்து அங்குலமாகவே இருக்கவேண்டும், சில்லுகளின் துளை அந்த அளவு. 15 துளை அதைத் தாண்டாது.

இரண்டு நாள் யோசித்தேன். பிறகு பழைய தாங்கியையே விட்டுவிட்டேன். சூடடிக்கும் மெசினுக்கும் அரிசி ஆலைக்கும் போடுகிற பிலோ புளொக் இருக்கிறதே, தாங்கியோடு சேர்ந்து வரும் பெயாரிங். 204 என்று கேட்டால் 20 மில்லிமீற்றர் துளையோடு தருவார்கள். இங்கே இரும்புச் சாமான் கடையில் எப்போதும் கிடைக்கும். 20 மில்லிமீற்றர்க் கம்பியில் புதுச் சாஃப்ட் கடைந்தேன். இரண்டு நுனியையும் 15.88க்கு இறக்கி மரை போட்டேன். வலது நுனியில் சாதாரண மரை, இடது நுனியில் இடதுகை மரை. இது மாறிப் போனால் ஓடும்போது நட்டு தானாகக் கழன்று சில்லு பறக்கும். டயல் கேஜில் நுனி ஆட்டம் 0.03 மில்லிமீற்றர். கபோஷன் வேலைக்கு அது போதும்.

தண்ணீருக்குச் சேலைன் குழாய். போத்தலை மேலே கட்டி, உருளும் பூட்டால் சொட்டைக் கூட்டிக் குறைக்கலாம். தட்டில் தண்ணீர் நிற்கவிடாமல் அடியில் ஒரு துளை. வேலை முடிந்ததும் போத்தலைப் பூட்டிவிட்டுச் சில்லை இரண்டு நிமிடம் வெறுமனே ஓடவிடவேண்டும், குடித்த தண்ணீர் வெளியே போக. கரண்டுக்கு ட்ரிப் சுவிச்சும், இரும்புச் சட்டத்திலிருந்து நேராக ஏர்த் வயரும். ஈரமான கையோடு செய்கிற வேலை என்பதால் இந்த இரண்டும் இல்லாமல் ஓடவைக்க நான் சம்மதிக்கவில்லை.

செலவு

கனடாவில் 300 டொலர், கப்பல் செலவு தனி. அதைத் தம்பி சொல்ல மறுத்துவிட்டார். இங்கே மோட்டரும் வைண்டிங் கம்பியும் 14,000 ரூபா, பிலோ புளொக் இரண்டும் 3,600, சாஃப்ட் கம்பியும் மரையும் 5,000, சட்டம், கப்பி, பெல்ட் எல்லாம் 9,500. உடைத்த சில்லுக்குப் பதிலாக வைரத்தூள் பூசிய 80 சில்லு ஒன்று 16,000. என் கூலியைச் சேர்க்கவில்லை.

கனடா மெசினில் இன்று வேலை செய்வது 220 சில்லு, உருளை இரண்டு, தெறிப்பு மூடி, தண்ணீர்த் தட்டு. மோட்டர், சாஃப்ட், பெயாரிங் ஒன்றுகூட இல்லை. நேராகச் சொன்னால், நாங்கள் வாங்கியதில் உதவியது ஒரு சில்லும் உருளையும் மூடியும் தட்டும். அதற்கு 300 டொலர் அதிகம். சாஃப்டின் விட்டத்தை முதலே கேட்டிருந்தால், சில்லும் உருளையும் மூடியும் மட்டும் போதும் என்று பாதி விலைக்குக் கேட்கச் சொல்லியிருப்பேன். தம்பியில் ஒரு பிழையும் இல்லை. கேட்டதெல்லாம் காட்டினார். கேட்கவேண்டியதைக் கேட்காதது நான்.

இப்போது யாராவது வீடியோ அனுப்பினால் சில்லின் எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை. சாஃப்டின் விட்டம் பெயாரிங் இருக்கும் இடத்தில் எவ்வளவு, நுனியில் எவ்வளவு, பெயாரிங்கின் எண் என்ன, மோட்டரின் தகட்டில் எத்தனை ஹேர்ட்ஸ், மெசின் எங்கே நின்றது, தட்டில் தண்ணீர் நின்ற தடம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். எண் கிடைத்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்தைக்குப் போய் அந்தப் பெயாரிங் கடையில் இருக்கிறதா என்று பார்க்கிறேன். சில்லு தேயும், எப்படியும் புதிது வாங்கத்தான் வேண்டும். பெயாரிங் இல்லாமல் நிற்கும் மெசின் மழைக்காலத்தில் துருப்பிடித்து இரும்பு விலைக்குப் போகும்.

இப்போது

ஐந்து மாதமாக மெசின் ஓடுகிறது. ஒரு மணி நேரம் ஓடிய பிறகும் பிலோ புளொக்கில் கை வைக்க முடிகிறது, சூடு இல்லை. ரீச்சர் 23 கல் தீட்டியிருக்கிறார். முதல் ஆறும் வெடித்தோ கோணலாகியோ போயின. ஏழாவது, கார்னட் பொட்டு வைத்த பாறைத்துண்டு, சீரியம் ஒட்சைட்டில் மெருகேறி வெளிச்சத்தைப் பிடித்தபோது அவர் எடுத்த படத்தைக் கனடாவுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் அனுப்பினார்.

மிச்சம் இருப்பது வாள். அதன் தகட்டைக் கண்ணாடி மேல் வைத்துப் பார்த்தேன், வளைவில்லை, ஓரத்தில் வைரத்தூளும் இருக்கிறது. ஆனால் அதன் சாஃப்டும் எட்டில் ஐந்து அங்குலம், பெயாரிங்கும் அதே நறநறப்பு. இன்னும் இரண்டு 204 பிலோ புளொக் வாங்கிவைத்திருக்கிறேன். அடுத்த கிழமை பள்ளிக்கூட விடுமுறை தொடங்குகிறது, அப்போது சாஃப்டைக் கடைந்து பூட்டுவதாக இருக்கிறோம்.